தேயிலை மலையில் லேவியராகமம்: இஸ்ரயேலின் பண்டிகைப் பலிகளும் மலையகத் தமிழ்க் கிறிஸ்தவரும்

நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுப்பதும், தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவலான ரோதைமுனிக்குப் பூசை போடுவதும் பழைய வழக்கம். அதே லயங்களில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தப் பலிகளிலிருந்து விலகி நிற்கின்றன. ஆனால் அவர்கள் வாசிக்கும் வேதாகமத்தின் ஐந்தாகமங்களில் பலியில்லாமல் ஒரு பண்டிகை நடந்தேறுவதில்லை. எண்ணாகமம் 29ஆம் அதிகாரத்தின்படி கூடாரப் பண்டிகையின் முதல் நாளில் 13 காளைகள், மறுநாள் 12, இப்படிக் குறைந்து ஏழாம் நாளில் 7. ஆக 70 காளைகள், 14 ஆட்டுக்கடாக்கள், 98 ஆட்டுக்குட்டிகள். நாளுக்கொரு வெள்ளாட்டுக்கடா பாவநிவாரணத்துக்குத் தனியாக.

இந்தப் பலிகளெல்லாம் ஒரே நோக்கம் கொண்டவை அல்ல. சர்வாங்க தகனபலி முழுவதும் எரிக்கப்பட்டது. அதன் இறைச்சியில் மனிதருக்குப் பங்கில்லை. சமாதான பலியின் இறைச்சியைக் கொடுத்தவரே வீட்டாரோடு உண்டார். பஸ்கா ஆடோ இரவோடிரவாகச் சுட்டுத் தின்ன வேண்டியது. சிறு குடும்பமானால் அயல்வீட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரங்களின் பண்டிகையில் புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்கள் முதற்பலனாக வந்தன. உபாகமம் 16 இந்தப் பண்டிகையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் பரதேசியும் விதவையும் கூட மகிழ வேண்டும் என்கிறது. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆண்டுப் பண்டிகைகளுள் உபவாசம் விதிக்கப்பட்டது பாவநிவிர்த்தி நாளுக்கு மட்டுமே.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின் யூதருக்கே பலி நின்றுபோனது. அதற்கு முன்பே பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், கிறிஸ்துவைப் பஸ்காவாகவும் முதற்பலனாகவும் காட்டியிருந்தார். எபிரெயர் நிருபம் வேறு வழியில் போனது. பிரதான ஆசாரியன் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும் காட்சியை எடுத்து, ஒரே தரம் செலுத்தப்பட்ட பலியாகச் சிலுவையை விளக்கியது. பிற்காலத் திருச்சபை பண்டிகைப் பலிகள் அனைத்தையும் இந்த நிருபத்தின் கண்ணாடி வழியாகவே பார்க்கப் பழகியது. பாவநிவிர்த்தி நாள் மற்றப் பண்டிகைகளை விழுங்கிவிட்டது என்பது என் கருத்து. பந்தியும் அடிமைத்தனத்தின் நினைவும் பின்னுக்குப் போயின.

தமிழில் இந்தப் பகுதிகள் 18ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தன. 1719இல் இறந்த மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்திருந்தார். ஆகவே லேவியராகமம் அதற்குள் அடக்கம். ஆனால் அதை வாதத்துக்கு எடுத்துப் போர் தொடுத்தவர் ஒரு சைவர். மிஷனரி பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1841இல் உதயதாரகை இதழில் எழுதிய மடலிலும், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலும், சைவ ஆலய வழிபாட்டைப் பழிக்கும் மிஷனரிமாரிடம் அவர்களது நூலையே திருப்பிக் காட்டினார். விளக்கும் தூபமும் இஸ்ரயேலரின் ஆலயத்தில் இருந்தவைதாமே? அவையெல்லாம் கிறிஸ்துவில் நிறைவேறி ஒழிந்த நிழல்கள் என்பது மிஷனரிமாரின் விடை. இதில் ஒரு வேடிக்கை: நாவலரே கோயிலில் உயிர்ப்பலியைக் கண்டித்தவர். இரத்தப் பலி அவர் ஆதரித்த வழிபாட்டுக்கு வெளியேதான் கிடந்தது.

அந்த இரத்தத்தை எடுத்துக்கொண்டது திருநெல்வேலி மிஷன். திருநெல்வேலிச் சாணார் பற்றி 1849இல் வெளியான நூலில் மிஷனரி கால்டுவெல், பேய்களுக்கு ஆடும் கோழியும் அறுத்து உயிருக்கு உயிர் ஈடுகொடுக்கும் வழக்கத்தை விவரித்து, கிறிஸ்துவின் பலியை விளக்க மிஷனரிகளுக்கு அது நன்கு கைகொடுக்கிறது என்கிறார். சைவதூஷண பரிகாரம் வந்த அதே 1854இல், கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கென இலங்கை மலைநாட்டில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அதன் உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். முனிக்குக் கோழி அறுத்தவனிடம் 'இனி அறுக்க வேண்டாம், கடைசிப் பலி நடந்துவிட்டது' என்று சொல்வது அவர்களுக்குக் கைவந்த போதனையாக இருந்திருக்கும். லயத்துக்கு வந்து சேர்ந்த லேவியராகமம் பெரும்பாலும் பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் அதன் 16ஆம் அதிகாரம்தான்.

பந்தியும் முதற்பலனும் வேறொரு வாசல் வழியாக நுழைந்தன. சபைகள் இன்று கொண்டாடும் அறுப்பின் பண்டிகை மோசேயிடமிருந்து நேரே வந்ததன்று. 1843இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் ரொபர்ட் ஹோக்கர் என்ற குருவானவர் தம் ஆலயத்தில் நடத்திய நன்றி ஆராதனையே இன்றைய வடிவத்துக்கு வித்து. விக்டோரியா காலத்து வழக்கம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. தமிழ்ச் சபைகளில் காய்கறியும் கோழியும் முட்டையும் பீடத்தின் முன் குவிந்து, பின்பு ஏலம் போய், ஊரோடு சாப்பாடும் நடக்கும்போது, எபிரெயர் நிருபம் ஓரங்கட்டிய சமாதான பலியின் சாயல் திரும்பிவிடுகிறது.

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. உபாகமம் 26இன்படி முதற்பலன் கொண்டுவருகிறவன், முன்னோர் எகிப்தில் பட்ட பாட்டைச் சொல்லி, கர்த்தர் தனக்குத் தந்த நிலத்தின் கனி இது என்று அறிக்கையிட வேண்டும். கொழுந்து பறிக்கிறவருக்கு முதற்பாதி பொருந்தும், பிற்பாதிக்கு நிலமில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரின் நாட்டுரிமையையே பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் முடிவைத் தள்ளிவைத்தது.

இந்தச் சூழலில்தான் பஸ்காவின் மறுபாதியான அடிமை விடுதலை இலங்கை இறையியலில் மீண்டும் பேசப்பட்டது. இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளை எடுத்துப் பேசினார். கத்தோலிக்க இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய நற்கருணையும் மானுட விடுதலையும் பற்றி 1977இல் எழுதிய நூல், ஒடுக்கப்பட்டோரின் விடுதலையிலிருந்து பிரிந்து வெறும் சடங்காகிப்போன நற்கருணையைக் கேள்விக்குள்ளாக்கியது. கத்தோலிக்கருக்குத் திருப்பலியே பலியாதலால் இந்தக் கேள்வி அவர்களுக்குள் கூர்மையாக எழுந்ததில் வியப்பில்லை. புரொட்டஸ்தாந்து உபதேசியாரின் பழைய போதனையில் இதற்கு இடம் குறைவு.

லேவியராகமம் 23இல் வாரங்களின் பண்டிகைப் பலிவிதிகள் முடிந்த கையோடு, 22ஆம் வசனம் வயலோரத்தை முற்றாக அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. இக்கட்டளை நிலமுடையவனுக்கு. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி ஆலயத்தின் இருக்கைகளில் அமர்ந்து இதைக் கேட்டவர்கள் தோட்டத் துரைமார். உபதேசியாரிடம் இதைக் கேட்ட தொழிலாளரோ அந்த வசனத்தின் பரதேசிகள்.