மதுரை நாட்டில் பாவமும் பந்தியும்

அச்சேறிய முதல் தமிழ் நூல்களுள் ஒன்று பாவத்தைப் பற்றியது. என்றீக்கே என்றீக்கசு அடிகளார் 1580-இல் கொச்சியில் வெளியிட்ட 'கொம்பெசியொனாயரு', செய்த பாவத்தை நினைவுகூர்ந்து, மனம் வருந்தி, குருவிடம் அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் பரிகாரத்தை நிறைவேற்றும் பாவசங்கீர்த்தனம் என்னும் அருட்சாதனத்திற்கு விசுவாசிகளைப் பயிற்றியது. ஆயினும் எது பாவம் என்ற கேள்வி மதுரையில்தான் கடுமையாக எழுந்தது. 1606-இல் அங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் குலத்தின் அடையாளங்களேயன்றிப் பிற தெய்வ வழிபாடு ஆகா என்று வாதிட, 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தார்.

அவ்வாறு பாவப் பட்டியலுக்கு வெளியே நின்ற சாதியை, 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் அதற்குள் கொண்டுவந்தது. அம்மிஷன், சாதியைக் கைவிடாதோர் சபையில் நீடிக்க இயலாது என 1847-இல் உறுதியாக நின்றது. அதற்குச் சோதனையாக அமைந்தது, எல்லாச் சாதியினரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பந்தி. உபதேசியார்கள், அதாவது ஊர்தோறும் மறை கற்பித்த ஊழியர்கள், பலர் மறுத்து நீக்கப்பட்டனர். தனிமனித ஒழுக்கக் கேட்டுக்கே உரியதாயிருந்த சபை நீக்கம், ஊரே ஒப்புக்கொண்ட ஒரு வழக்கத்தின்மீது பாய்ந்தது இங்குக் கவனிக்கத்தக்கது. விலக்கப்பட்டவர்களுள் சிலர் பின்னர்த் திரும்பினர். சாதியோ சபைகளுக்குள் திருமண உறவுகளில் தொடர்ந்தது.