கூலிங் ஆஃப் டே: அரசியல் பேசலாமா, கூடாதா?

நாளைக்கு வாக்களிப்புன்னு வெச்சுக்குங்க. பிரசாரக் கூட்டங்கள் முடிந்துவிட்டன. ஆனா உங்க வாட்ஸ்அப் மட்டும் ஓயலையா? ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க.

எதுக்கு இப்படி ஒரு நாள்?

வாக்காளர்கள் நிதானமாக யோசித்து முடிவெடுக்கவே சிங்கப்பூரில் பிரசார ஓய்வு நாள் உள்ளது. 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. 2011 பொதுத்தேர்தலில் அது முதன்முறை நடப்புக்கு வந்தது. 2025 பொதுத்தேர்தலில் மே 2 ஓய்வு நாள், மே 3 வாக்களிப்பு நாள். பிரசாரத் தடை இரண்டு நாளுக்குமே பொருந்தும்.

அப்போ அரசியலே பேசக் கூடாதா?

பேசலாம். தனிநபர் ஒருவர் தமது சொந்த அரசியல் கருத்தை, வர்த்தக நோக்கமின்றி, இன்னொருவருக்கு அனுப்பச் சட்டம் அனுமதிக்கிறது.

'சொந்த' என்பதைக் கவனியுங்கள். "வீட்டு விலை பத்தி அவர் சொன்னது எனக்குச் சரியாப் படல" என்று தோழிக்கு எழுதினால் அது உங்கள் கருத்து. கட்சியின் சுவரொட்டியை அப்படியே தட்டிவிட்டால், அது பிரசாரம்.

பழைய பதிவை அழிக்கணுமா?

வேண்டாம். சட்டப்படி முன்பே பதிவிட்டது அப்படியே இருக்கலாம். அந்த இரண்டு நாளில் அதை மாற்றவோ மீண்டும் பகிரவோ கூடாது.

மீறினால்?

1,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் ஃபேஸ்புக் பதிவுகளுக்காகத் தனிநபர்களும் காவல்துறை விசாரணைக்கு ஆளானார்கள். அவர்களின் கைபேசி, கணினி கைப்பற்றப்பட்டன.

போலிக் காணொளி வந்தால்?

வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல், நிஜம் என நம்பும்படி மின்னிலக்க முறையில் உருவாக்கும் காணொளிகளைத் தேர்தல் காலத்தில் தடைசெய்யும் சட்டம் 2024இல் நிறைவேறியது. அதைப் பகிர்வதும் குற்றமே. "நான் செய்யல, ஷேர்தானே பண்ணினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அனுப்புமுன் இரண்டே கேள்வி: இது என் வார்த்தையா? ஒருத்தருக்கா, ஊருக்கேவா?