வேட்டுச் சத்தமும் காவல் நிலையமும்

குத்தாலத்தில் நள்ளிரவில் ‘டமார்’ என்றொரு சத்தம் கேட்டால் நாம் எழுந்து உட்காருவதில்லை. கோயில் அதிர்வேட்டா, எங்கோ ஒரு சாவுக்குப் போடும் வேட்டா என்று படுத்தபடியே தீர்மானித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவோம். காவிரிக்கரை ஊர்களின் காதுக்கு வெடிச் சத்தம் பழகிய ஒன்று. ‘துப்பாக்கிச் சத்தம் கேட்டது’ என்று காவல் நிலையத்தில் போய்ச் சொன்னவர் எவரையும் நாம் அறியோம்.

அப்படிச் சொல்வது சட்டப்படி கடமை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 36ஆம் பிரிவில், அச்சட்டத்தின்கீழ் ஒரு குற்றம் நடந்ததை அறிந்த எவரும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ நீதிபதிக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருந்ததற்குத் தக்க காரணம் இருந்தால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதே. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை மாணவர்களுக்கு நடத்த முற்பட்டு, அதன் பின்னிருந்த நிகழ்ச்சியைத் தேடப் போனபோதுதான் இந்தப் பிரிவு நம் கண்ணில் பட்டது. அதன் பிறகு கீழ்வெண்மணியை நாம் வேறு விதமாக வாசிக்கத் தொடங்கினோம்.

1968 டிசம்பர் 25. மார்கழி இருட்டு. சம்பா வயல்களுக்கு நடுவே, தேவூரை அடுத்த அந்தச் சேரி. கதையின் முன்பகுதி இதழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கூலி உயர்வுக் கோரிக்கை, செங்கொடியை இறக்கச் சொன்ன நெல் உற்பத்தியாளர் சங்கம், அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. ‘அரைப்படி நெல்லுக்காக’ என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அரைப்படியைவிடக் கொடிதான் மிராசுதார்களை அதிகம் உறுத்தியது என்பது நம் எண்ணம். 1948இலேயே, நம் ஊருக்கு அடுத்த மாயவரத்தில், பண்ணையாள் கூலி பற்றி ஒப்பந்தம் பேசி முடித்தவர்கள் இதே தஞ்சை மாவட்டத்தார். நெல்லை அளந்து பேரம் பேச அவர்களுக்குத் தெரியும். கொடியைப் பேரம் பேச முடியாது.

அன்று மாலை நடந்த மோதலில் பக்கிரிசாமிப் பிள்ளை என்பவர் கொல்லப்பட்டார். அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இரவில் துப்பாக்கிகளோடு ஒரு கூட்டம் சேரிக்குள் புகுந்தது. சுட்டார்கள். குண்டடி பட்டவர்களும் படாதவர்களுமாக, ஓட முடிந்தவர்கள் வயல்களில் இறங்கி ஓடினார்கள். ஓட முடியாத முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் ராமையாவின் குடிசைக்குள் புகுந்துகொண்டார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. இறந்தவர்கள் 44 பேர். தீயைப் பற்றியே நாம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவருகிறோம். அவர்களை அந்த ஒற்றைக் குடிசைக்குள் அடைத்தது துப்பாக்கிச் சத்தம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி யார், யாரிடம் போய்ச் சொல்வது? 1968இல் நடைமுறையில் இருந்தது 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். கொலை, கலகம் போன்றவற்றைத் தெரிவிக்கும் கடமையை அதன் 44ஆம் பிரிவு எல்லோர் மீதும் பொதுவாக வைத்தது. 45ஆம் பிரிவோ சிலரைத் தனியே பெயர் சுட்டி அழைத்தது: கிராமத் தலைவர், கணக்கர், காவல்காரர், பிறகு நில உடைமையாளர். ஊரிலோ ஊருக்கு அருகிலோ பிணையில் விட முடியாத குற்றம் நடந்தால், நடக்கப்போவதாகத் தெரிந்தால்கூட, இவர்கள் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லவேண்டும். வெள்ளையர் அரசுக்கு ஊரின் காதும் வாயும் மிராசுதார்தான். முன்சீபு வேலையும் கர்ணம் வேலையும் பரம்பரையாக நிலமுள்ள குடும்பங்களில் சுற்றிவந்தவை. அம்முறை தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தது. ஆக, வெண்மணிச் சேரிக்காரன் பண்ணையாரைப் பற்றிப் பண்ணையாரிடமோ, பண்ணையாரின் உறவினரிடமோ போய்ச் சொல்லவேண்டும். இல்லையென்றால் அந்த இருட்டில், சுடுகிறவர்களைத் தாண்டி, கீவளூர் வரை நடக்கவேண்டும்.

கீவளூருக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் யார்? தாக்கியவர்கள் அன்றிரவே நேராகக் காவல் நிலையம் சென்று, தமக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள் என்று இந்நிகழ்ச்சியை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். இந்த ஒரு செய்தியை வாசித்த அன்று நமக்குப் பாடம் நடத்த ஓடவில்லை.

பிறகு நீதிமன்றம். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அத்தீர்ப்பில் பலரும் எடுத்துக்காட்டும் இடம் ஒன்று உண்டு. இவர்கள் பெருநிலக்கிழார்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. வேலையாட்களை ஏவாமல் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதன் சாரம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை அருகில் வைத்து இதை வாசிக்கவேண்டும். நிலம் வைத்திருப்பவனின் சொல் ஊருக்கே சாட்சி என்று சட்டம் எண்ணியது. நிலம் வைத்திருப்பவன் இதைச் செய்யமாட்டான் என்று தீர்ப்பு எண்ணியது. இரண்டும் ஒரே மண்ணில் முளைத்தவை. தன் கண்ணால் கண்டதைக் கூண்டில் நின்று சொன்ன கூலிக்காரரின் சொல்லுக்கு அங்கே எடை இல்லை. பக்கிரிசாமிப் பிள்ளை கொலை வழக்கில் மட்டும் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள்.

அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. ஆணையத்தின் பார்வை பண்ணைத் தொழிலாளர் பிரச்சினையின் மேல் இருந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் அன்றிரவு கேட்டது கூலிக் கணக்கின் சத்தம் அல்லவே. நாவலும் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிதாக உதவவில்லை. பண்ணையாரின் உடற்குறைக்குள்ளும் மனக்கோணலுக்குள்ளும் போன அளவுக்கு அது துப்பாக்கிகளுக்குள் போகவில்லை. சாகித்ய அகாதெமி விருது பெற்ற படைப்பைக் குறை சொல்கிறோம் என்று நண்பர்கள் சினக்கவேண்டாம். சேரியில் எஞ்சியவர்களின் சொல்லை வெளியுலகுக்குக் கொண்டுவந்ததில், நாவலைவிட, நேரில் போய்க் கேட்டு எழுதிய மைதிலி சிவராமனின் கட்டுரைகளுக்கே நாம் முதலிடம் தருவோம்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே 1973இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய 45ஆம் பிரிவு அதில் 40ஆம் பிரிவானது. அதில் ‘நில உடைமையாளர்’ என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் இருப்பது ‘கிராமத்தில் வசிக்கும் ஒவ்வொருவரும்’ என்பது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் 34ஆம் பிரிவாக அது தொடர்கிறது. இந்தத் திருத்தத்துக்கும் வெண்மணிக்கும் தொடர்பு இருந்ததாக நாம் சொல்லவரவில்லை. மாயவரம், திருவாரூர் வழியாகப் பேருந்து மாறி மாறி வெண்மணிக்குப் போய், நினைவுத்தூணில் பொறித்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது, அந்தப் பழைய பட்டியலில் இவர்களில் ஒருவருக்கும் இடம் இருந்திருக்காது என்பதுதான் நினைவுக்கு வந்தது.