இத்சிங் கண்ட நாலந்தா உணவுமுறை

கல்வி கருதிச் சீனத்தினின்றும் இந்திய நாடு போந்த துறவியருள் பாகியான், யுவான் சுவாங், இத்சிங் ஆகிய மூவரும் தலைசிறந்தோர். இவருள் இத்சிங்கின் நூல் ஒருவகையில் தனித்தன்மை வாய்ந்தது. அது செலவு நூல் அன்று. தாம் பயின்ற பள்ளிகளின் அன்றாட ஒழுக்கத்தை நாற்பது இயல்களில் தொகுத்துரைப்பது. அதன்கண் உணவுபற்றி வருவனவற்றை வெறும் பழக்கவழக்கக் குறிப்புகள் எனக் கொள்வாரும் உளர். அவற்றினூடே சிறந்ததொரு கருத்து அமைந்துள்ளது என்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

கி. பி. 635-இல் பிறந்த இத்சிங் 671-இல் கடல்வழியே புறப்பட்டார். ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். 673-இல் தாமிரலிப்தித் துறையை அடைந்தார். பின்னர் நாலந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்றார். 685-இல் இந்தியாவை நீங்கி, மீண்டும் ஸ்ரீவிசயத்தில் தங்கித் தம் நூலை எழுதி, 692-இல் தாய்நாட்டிற்கு அனுப்பினார்.

உண்ணுமுன் துறவியர் கைகால் கழுவுவர். ஏறத்தாழ 7 அங்குல உயரமுள்ள சிறு பிரம்பிருக்கைகளில், ஒருவரையொருவர் தீண்டாவண்ணம் ஒரு முழ இடைவெளி விட்டு அமர்வர். நிலம் ஆன்சாணத்தால் மெழுகப்பெற்றிருக்கும். சீனர் மீனையும் காய்களையும் பச்சையாக உண்பர், இந்தியரோ காய்களை நன்கு வேகவைத்துப் பெருங்காயமும் நெய்யும் கூட்டி உண்பர், வெங்காயம் உண்ணார். இவற்றையெல்லாம் அவர் கூர்ந்து நோக்கியுள்ளார்.

ஆயினும் அவர் முதன்மை தந்தது எச்சில் பற்றிய விதிக்கே. ஒரு கவளம் உண்டதும் கலம் எச்சிலாகும். உண்டவர் பற்குச்சியால் பல் துலக்கி வாய் கொப்புளிக்கும்வரை பிறரைத் தீண்டார். தூய்மை, தூய்மையின்மை என்னும் இப்பாகுபாடே இந்தியாவைப் பிற நாடுகளினின்றும் வேறுபடுத்தும் முதற்கூறு என்பது அவர் துணிபு. இதனைச் சீனத் துறவியர் பேணாமை கண்டு அவர் வருந்துகின்றார்.

இனி, உண்குச்சிகளைப் பற்றி அவர் கூறுவதை நோக்குவோம். இந்தியர் வலக்கையால் உண்பர். நோயுற்றார்க்குக் கரண்டி உண்டு. குச்சிகள் அறவே இல்லை. எனவே, சீனத் துறவியரும் குச்சிகளைக் கைவிடுதல் வேண்டும் என அவர் விதித்திருப்பார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவர் அவ்வாறு விதித்திலர். விநய நூல் அவற்றை விதிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. சீனத்தில் அவற்றை வலிந்து விலக்கின் மக்கள் நகைப்பர், குறை கூறுவர். ஆதலின் ஆங்குக் கொள்ளலாம், இந்தியாவில் கொள்ளலாகாது என்கின்றார்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், இத்சிங் கண்டதையெல்லாம் போற்றிய கண்மூடி மாணவர் அல்லர் என்பது தெளிவாகும். நூல் விதித்ததில் அவர் விட்டுக்கொடுத்திலர். நூல் வாளா இருந்தவிடத்து நாட்டு வழக்கிற்கு இடந்தந்தார். நாடி பார்த்தலிலும் ஊசி மருத்துவத்திலும் தம் நாட்டை இந்தியா விஞ்சவில்லை எனவும் தயங்காது எழுதினார். அறத்தையும் வழக்கத்தையும் பிரித்தறிந்த இத்தெளிவே, அயல்நாட்டுக் கல்வியால் அவர் பெற்ற பெரும்பேறு எனலாம். அவர் நூலை உணவு வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்வோர், சீனத் துறவியரைத் திருத்தும் நோக்கில் அஃது எழுதப்பெற்றது என்பதனையும் உளங்கொள்ளல் வேண்டும்.