புஷிங்கா: வெள்ளை மாளிகைக்கு வந்த கலப்பின நாய்

அமெரிக்க அதிபர் வீட்டு நாய் என்றால் உயர்ந்த சாதி நாயாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் கென்னடி வீட்டில் வளர்ந்த புஷிங்கா எந்த இனத்திலும் சேராத ஒரு சின்னக் கலப்பின நாய். அதுவும் எதிரி நாட்டிலிருந்து வந்த நாய்!

கதை மாஸ்கோ தெருக்களில் தொடங்குகிறது. விண்வெளிக்கு அனுப்ப சோவியத் விஞ்ஞானிகள் தேடிப் பிடித்தவை தெருநாய்கள். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பது ஒரு காரணம். சின்னக் கூண்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் உருவத்தில் சிறிய பெண் நாய்களாகப் பார்த்து எடுத்தார்கள்.

1957 நவம்பர் 3 அன்று லைக்காவை அனுப்பினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே செய்யவில்லை. கிளம்புவதற்கு முன் விளாடிமிர் யாஸ்டோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குழந்தைகளோடு விளையாட விட்டாராம். விண்ணில் சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் லைக்கா செத்துப்போனது. இந்த உண்மை வெளியே வந்தது 2002ல்தான்.

அடுத்து பெல்கா, ஸ்ட்ரெல்கா. 1960 ஆகஸ்ட் 19 அன்று போய், பூமியைச் சுற்றிவிட்டு மறுநாள் உயிரோடு திரும்பின. பிறகு ஸ்ட்ரெல்கா ஆறு குட்டிகள் போட்டது. அதில் ஒன்றுதான் புஷிங்கா. பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருப்பவள் என்று அர்த்தம்.

1961 ஜூனில் வியன்னாவில் கென்னடியும் குருஷேவும் சந்தித்தார்கள். பேச்சுவார்த்தை கசப்பாகத்தான் முடிந்தது. ஆனால் விருந்தில் குருஷேவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜாக்குலின் கென்னடி, பேச்சுவாக்கில் ஸ்ட்ரெல்காவின் குட்டிகளைப் பற்றி விசாரித்து, ஒன்றை அனுப்புங்களேன் என்று வேடிக்கையாகக் கேட்டு வைத்தார். அதே மாதம் குட்டி வந்தே விட்டது!

வந்த விருந்தாளியை உடனே உள்ளே விடவில்லை. உடம்புக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. அது வெறும் நாய்க்குட்டிதான்.

அப்போது கென்னடியின் மகள் கரோலினுக்கு மூன்று வயது. லைக்கா பறந்த அதே 1957 நவம்பரில் பிறந்த குழந்தை. அவளுடைய சறுக்குமரத்தில் ஏணி வழியாக ஏறி, சறுக்கி இறங்க புஷிங்காவைப் பழக்கினார்கள்.

வெளியே உலகம் வேறு மாதிரி இருந்தது. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை விவகாரத்தால் அணு ஆயுதப் போரே வந்துவிடும் என்று உலகம் நடுங்கியது. அந்த நாட்களிலும் ரஷ்ய நாய் வெள்ளை மாளிகையில் வாலாட்டிக்கொண்டுதான் இருந்தது.

அங்கேயே இருந்த சார்லி என்ற வெல்ஷ் டெரியருடன் சேர்ந்து 1963 ஜூனில் நாலு குட்டிகள் போட்டது. ஸ்புட்னிக்கை நினைத்து கென்னடி அவற்றுக்கு 'பப்னிக்' என்று செல்லப்பெயர் வைத்தார். குட்டி கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அதே மாதம்தான் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைக்க ஒப்பந்தமும் ஆனது. நாயால்தான் சமாதானம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது சரித்திரம் இல்லை, கட்டுக்கதை.

அந்த நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். குடும்பம் வெள்ளை மாளிகையைக் காலி செய்தது. புஷிங்கா அங்கே வேலை பார்த்த ஒரு தோட்டக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

லைக்காவும் ஸ்ட்ரெல்காவும் ஒரே ஊர்த் தெருநாய்கள்தான். ஒன்று திரும்பவே இல்லை. மற்றொன்றின் குட்டி அதிபர் வீட்டில் வளர்ந்தது. இதில் நாய்களின் சாமர்த்தியம் எதுவும் இல்லை, எல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவு. விண்வெளி நாய்களைப் பழக்கிய ஓலெக் கசென்கோ 1998ல், லைக்காவின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்குத் தாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட்டார். நாலு வருடத்திலோ நாற்பது வருடத்திலோ, வருத்தம் எப்போது வந்தாலும் நாய்க்கு அது தெரியப்போவதில்லை. அதனால் முடிவு எடுக்கும் முன்பே யோசிப்பதுதான் நம் கடமை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?