சிருங்கேரிக்குச் சென்ற உதவிப் பொருள்

மைசூரில் குடியேறி வாழும் தமிழர் வீட்டிற்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களை ஒரு நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அரங்கநாதரைச் சேவித்து, கோட்டை மதிலைச் சுற்றிப் பார்த்து, திப்பு சுல்தான் வீழ்ந்து கிடந்த இடத்தில் சற்று நின்று, மாலையில் வீடு திரும்புவோம். வந்தவர்களுள் யாரேனும் ஒருவர், "சுல்தானின் கோட்டைக்குள்ளேயே இக்கோயில் எவ்வாறு நிலைத்தது?" என்று வியப்பதுண்டு. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் விடையின் ஒரு பகுதி, மேற்கே மலைநாட்டில், துங்கை நதிக்கரையிலுள்ள சிருங்கேரி மடத்தில் கிடைத்த கடிதங்களில் இருக்கிறது.

மைசூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் இலாகாவுக்குத் தலைவராக விளங்கிய ராவ் பகதூர் ஆர். நரசிம்மாசார் 1916-ஆம் ஆண்டில் அக்கடிதங்களைக் கண்டெடுத்தார். அவை ஏறத்தாழ 30, கன்னடத்தில் எழுதப்பட்டவை, திப்பு சுல்தானிடமிருந்து சிருங்கேரி பீடாதிபதியாகிய சச்சிதானந்த பாரதி ஸ்வாமிகளுக்கு வந்தவை. அவற்றுள் சில, இருப்பிடம் இழந்த ஒரு துறவிக்கு அரசாங்கம் பொருளுதவி செய்த வரலாற்றைக் கூறுகின்றன. அவ்வரலாற்றையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

1790-இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனியாரும், ஹைதராபாத் நிஜாமும், பூனா மராத்தியரும் ஒன்றுகூடித் திப்புவை எதிர்த்தனர். மராத்தியரின் ஒரு படை பரசுராம் பாவு என்பவரின் தலைமையில் வடமேற்கிலிருந்து மைசூர் நாட்டுக்குள் நுழைந்தது. அப்படையைச் சேர்ந்த குதிரைக்காரர்கள் 1791 ஏப்ரல் மாதத்தில் சிருங்கேரியைச் சூறையாடினார்கள். பலர் கொல்லப்பட்டனர், பலர் காயமுற்றனர். மடத்தின் செல்வம் கொள்ளை போயிற்று. அன்னை சாரதையின் திருவுருவமும் பீடத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. இழந்த பொருளின் மதிப்பு 60 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. மராத்தியர் பக்கத்துக் கடிதங்களோ, படையைப் பின்தொடர்ந்து வந்த கொள்ளைக் கூட்டத்தார்மேல் பழியைச் சுமத்துகின்றன. பழி யாரைச் சார்ந்ததாயினும், நேர்ந்த துன்பம் துன்பமே. ஸ்வாமிகள் சீடர் சிலரோடு மலையிறங்கி, கார்க்களத்துக்குச் சென்று தங்க நேர்ந்தது.

அங்கிருந்து அவர் திப்புவுக்கு எழுதினார். மடத்தைக் கொள்ளையிட்டவர்கள் அவருடைய சமயத்தையே சார்ந்த ஓர் அரசின் சேனையோடு வந்தவர்கள். அவர் முறையிட்டதோ மற்றொரு சமயத்தைச் சார்ந்த மன்னனிடம். ஆனால் அவர் வாழ்ந்த நாடு மைசூர் நாடு. அந்நாட்டின் அரசனிடம் முறையிடுவதே முறை என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

திப்புவின் மறுமொழியில் முதலில் சினமும் வருத்தமும் வெளிப்படுகின்றன. இத்தகைய புண்ணியத் தலத்துக்குத் தீங்கிழைத்தவர்கள் தம் செயலின் பயனை விரைவில் நுகர்வார்கள் என்று அவர் எழுதுகிறார். அதற்கு ஆதாரமாக வடமொழி வாசகம் ஒன்றையும் எடுத்துக் காட்டுகிறார். சிரித்துக்கொண்டே செய்த தீவினையை அழுதுகொண்டே அனுபவிக்க நேரும் என்பது அதன் கருத்து. ஆனால் ஆறுதல் மொழியோடு கடிதம் நின்றுவிடவில்லை. ஸ்வாமிகளுக்கு 200 ராஹதி ரொக்கமும், சாரதையின் திருவுருவத்தை மீண்டும் பிரதிஷ்டை செய்வதற்கு வேண்டிய பொருள்களும் கொடுக்கும்படி பிதனூர்ச் சீமையின் ஆசபுக்குக் கட்டளை பிறந்தது. ராஹதி என்பது திப்புவின் ஆட்சியில் வழங்கிய நாணயம். ஆசபு என்பவர் ஒரு சீமையின் வருவாய்க்குப் பொறுப்பான பெரிய அதிகாரி.

இந்த ஏற்பாட்டைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். பணத்தைத் தலைநகரிலிருந்து அனுப்பவில்லை. போர்க்காலத்தில் வழியெல்லாம் பகைவர் படை; அனுப்பினாலும் போய்ச் சேர்வது உறுதியில்லை. சிருங்கேரிக்கு அண்மையிலுள்ள சீமையின் வருவாயிலிருந்தே கொடுக்கும்படி எழுதியதால், உதவி விரைவில் சென்று சேர வழி ஏற்பட்டது.

அந்த ஆண்டின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை காரன்வாலிஸ் பிரபுவின் வசமாயிற்று. மே மாதத்தில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியது. மறு ஆண்டு 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டு, புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். சேலமும் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியார் கைக்கு மாறியது அப்பொழுதுதான். அதுவரை அச்சீமைகளின் தமிழ்க் குடியானவர்கள் செலுத்திய வரியும் மைசூர்க் கருவூலத்துக்கே சென்றுகொண்டிருந்தது. கருவூலம் வறண்டுகொண்டிருந்த வேளையில் வழங்கிய உதவி என்பதால் அந்த 200 ராஹதிக்குத் தனி மதிப்பு உண்டு.

இதில் அரசனுக்கு யாதொரு நோக்கமும் இல்லையென்று கூறுவது பொருந்தாது. பகைவர் ஒழிய வேண்டுமென்று ஜபங்களும் ஹோமங்களும் நடத்தும்படி திப்பு ஸ்வாமிகளைக் கேட்டுக்கொண்டார். அவற்றின் செலவையும் ஏற்றார். மலைநாட்டு மக்களின் பற்றுதலைப் பெற்ற ஒரு பீடத்தின் நல்லெண்ணம் அரசுக்கும் தேவையாயிருந்தது. எனினும், நோக்கம் கலந்திருந்தது என்பதால் உதவி உதவியாகாமற் போய்விடாது.

சமயத் தலைவர்கள் இவ்வாறு இடமிழந்து நிற்பது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஸ்காட்லாந்திலும் நிகழ்ந்தது. அங்கே 1660-களில், பிஷப்புகளின் ஆட்சியை ஏற்க மறுத்த சுமார் 270 போதகர்கள் தம் சபைகளை இழந்தார்கள். 1688-இல் அரசன் ஓடிப்போனதும் காற்று எதிர்த்திசையில் வீசிற்று. குளிர்காலத்தில் கூட்டத்தார் திரண்டு, பிஷப்புகளைச் சார்ந்த போதகர்களைக் குடும்பத்தோடு வீட்டை விட்டு வெளியேற்றினர். முன்பு விலக்கப்பட்டவர்களுள் உயிரோடிருந்த ஏறத்தாழ 60 பேர் 1690-இல் பதவியைத் திரும்பப் பெற்றனர். புதிதாக வெளியேறியவர்களோ, பணி செய்த காலத்துக்குரிய ஊதியப் பாக்கிக்காக அரசாங்கச் சபையின் வாயிலில் மனுவோடு நிற்கவேண்டியதாயிற்று. ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்களுக்குள்ளேயே இந்நிலை!

சிருங்கேரிக்கு உதவிய கைகள் எல்லோருக்கும் உதவின என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1784-இல் மங்களூர்ப் பகுதியின் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் ஆங்கிலேயருக்குத் துணை போனார்கள் என்ற ஐயத்தின்மேல் சிறைபிடிக்கப்பட்டு, குடும்பம் குடும்பமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் சிறையிலும் மாண்டவர் பலர். அவர்களுடைய குருமார்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னரே துபுவா பாதிரியார் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து, சிதறிக் கிடந்த கிறிஸ்தவ மக்களை ஒன்று திரட்ட முற்பட்டார். கார்க்களத்துத் துறவிக்குப் பொருள் அனுப்பக் கட்டளையிட்ட அதே அரசுதான் இவர்களை வேரோடு பெயர்த்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் சரித்திரம் கூறுபவராகார்.

சிருங்கேரிக் கடிதங்கள் போருக்குப் பின்னும் தொடர்ந்தன. மடத்திலிருந்து பிரசாதமும் சால்வையும் வந்தன. சுல்தானிடமிருந்து அம்மனுக்குப் புடவையும் ரவிக்கைத் துணியும், ஸ்வாமிகளுக்குச் சால்வையும் சென்றன. 1793-இல் ஸ்வாமிகள் வெளிநாட்டில் நெடுநாள் தங்கியிருந்தபோது திப்பு எழுதிய கடிதம் ஒன்று நெஞ்சைத் தொடுவது. தங்களைப் போன்ற பெரியோர் எந்நாட்டில் இருக்கிறார்களோ அந்நாட்டில் மழை பெய்யும், பயிர் செழிக்கும். அவ்வாறிருக்க, அயல்நாட்டில் இத்தனை காலம் இருப்பானேன்? காரியத்தை முடித்துக்கொண்டு விரைவில் திரும்புக என்பது அதன் சாரம்.

இடம்பெயர்ந்தவனுக்குப் பொருளுதவி இன்றியமையாதது. பசித்த வயிற்றுக்குச் சொல் சோறாகாது. ஆனால் 200 ராஹதியோடு மற்றொன்றும் சிருங்கேரிக்குச் சென்றது. நீர் எங்களுக்கு வேண்டியவர், உமது இடம் உமக்காகக் காத்திருக்கிறது என்ற செய்தியே அது. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்து, காவிரி பாயும் இக்கன்னட நாட்டில் வேரூன்றிய நமக்கு அச்செய்தியின் அருமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை உறவினரோடு ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லும்போது, கோயிலையும் கோட்டையையும் காட்டுவதோடு, மங்களூரிலிருந்து நடந்து வந்த கைதிகளின் கதையையும், கார்க்களத்துக்குச் சென்ற கட்டளையின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.