நெசவாளர் செப்பேட்டை எங்கே தேடுவது?

காஞ்சிபுரத்து நெசவு ஆயிரம் ஆண்டு பழமையானது என்று பட்டுக்கடை விளம்பரம் முதல் மேடைப் பேச்சு வரை எல்லோரும் சொல்கிறார்கள். சான்று என்ன என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சான்று இருக்கிறது, அதுவும் செம்பில் எழுதியதாகவே. உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டில், பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய செப்பேடு அது. கச்சிப்பேட்டில் ஊரகம் என்ற பெருமாள் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், வரவு செலவு ஏற்பாடுகள் அதில் உள்ளன. பட்டசாலிகள் என்ற நெசவாளர்கள் கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி முதலான நான்கு சேரிகளில் இருந்தார்கள். கோயிலின் பொன்னை முதலாகப் பெற்று வட்டி கட்டியவர்கள் அவர்கள். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பும் அவர்களிடம் வந்தது. நெசவாளிக்குத் தறியோடு கோயில் கணக்கும் கையில் இருந்த காலம்!

சரி, இதை ஒரு காஞ்சிபுரத்துப் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? இந்த ஆவணத்துக்கு அறிஞர்கள் வைத்த பெயர் 'உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு'. பிறந்த ஊரை விட்டுவிட்டு, பத்திரமாக வைத்திருக்கும் இடத்தைப் பெயராக வைத்துவிட்டார்கள். தலைப்பில் காஞ்சியும் இல்லை, நெசவும் இல்லை. விவரப் பட்டியலில் காஞ்சிபுரம் என்று தலைப்புகளை மட்டும் மேய்கிறவர் கண்ணில் இது படாது.

பட்டியல் போட்டவர்கள் சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். ராபர்ட் சிவெல் 1880களில் சென்னை மாகாணம் முழுவதிலும் உள்ள பழஞ்சின்னங்களை ஊர் ஊராகக் குறித்தார். 1886ல் கல்வெட்டு அறிஞராக நியமிக்கப்பட்ட ஹுல்ஷ், 1890ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியை வெளியிட்டார். கைலாசநாதர் கோயிலின் பல்லவர் கல்வெட்டுகள் அதில்தான் அச்சேறின. கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் அந்தந்த ஆண்டு படியெடுத்தவற்றுக்கு வரிசை எண் கொடுத்துக்கொண்டே வந்தன. 1919ல் வி. ரங்காச்சார்யா அவற்றை மாவட்ட வாரியாக மூன்று பெரிய தொகுதிகளாக அடுக்கினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. வி. மகாலிங்கம் தொகுத்த இடவாரிப் பட்டியல் 1985 முதல் வரத் தொடங்கியது. கணினி இல்லாத நாளில், துண்டுச் சீட்டும் பசையும் வைத்துச் செய்த வேலை. கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் அட்டை அடுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த உழைப்பின் முதுகுவலி எனக்குப் புரியும்.

தொல்லை எங்கே என்றால், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரே கல்வெட்டுக்கு ஆண்டறிக்கையில் ஓர் எண், அச்சான தொகுதியில் ஓர் எண், இடவாரிப் பட்டியலில் இன்னோர் எண். எழுதுகிறவர்கள் தமக்குப் பிடித்த எண்ணை மட்டும் அடிக்குறிப்பில் போடுவார்கள். ஊர்ப் பெயர் இன்னும் மோசம். கச்சிப்பேடு, காஞ்சி, கான்ஜீவரம், காஞ்சீபுரம் எல்லாம் ஒரே ஊர். வரதராஜர் கோயிலைத் தேடினால் சின்னக் காஞ்சிபுரம் என்றும் இருக்கலாம், விஷ்ணு காஞ்சி என்றும் இருக்கலாம். சமணக் கோயில் திருப்பருத்திக்குன்றம் என்று தனி ஊராக வேறு பக்கத்தில் நிற்கும். மாவட்டமோ செங்கற்பட்டு, 1997ல் அது பிரிந்து காஞ்சிபுரம் தனி மாவட்டமானது. பழைய பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் புது மாவட்டப் பெயரில் ஒன்றையும் காணமாட்டார்.

இதே தலைவலி மேல்நாட்டுப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களுக்கும் இருந்தது. ஒவ்வொரு காப்பகமும் தன் இஷ்டத்துக்குப் பட்டியல் போட்டதால் ஒன்றில் தேடியவர் மற்றதில் திண்டாடினார். 1993ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சியிலிருந்து ஈ.ஏ.டி. என்ற பொது வடிவம் பிறந்தது. அதன் முதல் பதிப்பு 1998ல் வந்தது. கல்வெட்டுகளுக்கு எபிடாக் என்று அதைப் போன்ற இன்னொன்று உண்டு. அதில் ஆவணம் எங்கே உண்டானது, எங்கே கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. நம் செப்பேட்டுக்கு வேண்டியது இதுதான். முதல் கட்டத்தில் கச்சிப்பேடு, கடைசிக் கட்டத்தில் சென்னை அருங்காட்சியகம், பழைய எண்கள் அத்தனையும் ஒரே பதிவின் கீழ்.

இங்கே பலர், பழைய தொகுதிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் டிஜிட்டல் ஆகிவிட்டது என்கிறார்கள். புத்தகத்தைப் படம் பிடித்தால் படம்தான் கிடைக்கும். பழைய அச்சுத் தமிழைக் கணினி தப்புத் தப்பாகப் படித்து வைத்தால் 'பட்டசாலி' என்று எத்தனை முறை தட்டினாலும் திரை வெறிச்சென்றுதான் இருக்கும்.

வைத்திருக்கும் இடமும் நிலையானதல்ல. கல்வெட்டுத் துறை சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போய், 1966ல் மைசூருக்குப் போனது. மைப்படிகளும் கூடவே போயின. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது பலரும் மகிழ்ந்தோம். பெட்டிகள் ஊர் மாறும்போது பதிவேடும் சரியாக மாறவேண்டும் என்ற கவலையும் எனக்கு உண்டு. ஏனென்றால் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சடித்தும் சுண்ணாம்பு பூசியும் கல்லில் எழுத்து மழுங்கிப்போன கோயில்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் மிஞ்சுவது மைப்படி ஒன்றுதான். அதன் எண் தொலைந்தால் கல்லும் தொலைந்த மாதிரி.

பிள்ளையார்பாளையத்திலோ வேறு தெருவிலோ தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் நேரே இங்கே போங்கள்: தென்னிந்தியக் கல்வெட்டுகள், மூன்றாம் தொகுதி, 1920ல் வந்த மூன்றாம் பகுதி, 128ஆம் எண். அறிமுகம் ஆங்கிலத்தில் இருக்கும், கல்லூரி ஆசிரியர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.